சுத்தம் செய்த கருவியைச் சோதிக்கும் முறை

வீரகேரளம்புதூர்,
ஆடி மாதம்.

அன்புள்ள மருமகளுக்கு,

ஆய்வகத்து மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரின் அயனிகளை உண்டாக்கும் பாகமான சோர்ஸைக் கழற்றித் துலக்கி மாட்டிய பிறகு, மின்னழுத்தங்களைச் சரிப்படுத்தும் ட்யூன் ஒழுங்காக அமையவில்லை என்றும், 502 என்ற நிறையில் எழவேண்டிய முகடு தாழ்ந்துவிட்டது என்றும், எலெக்ட்ரான் பெருக்கியின் மின்னழுத்தமோ முன்னிலும் உயர்ந்து நிற்கிறது என்றும் எழுதியிருந்தாய். உன் மனக்கிலேசம் நியாயமானதே. ஆனால் தானியங்கு ட்யூனைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதால் அது தீராது. கிடைத்த அயனிகளைக் கொண்டு இலக்கை எட்டும்வரை மின்னழுத்தங்களை மாற்றிப் பார்ப்பதே அதன் தொழிலாதலால், அது குற்றத்தை நீக்காமலே மறைத்துவிடவும் கூடும். காரணத்தைத் தேடுவது மனிதனுடைய விவேகத்தின் வேலை.

முதலில் வெற்றிடத்தைக் கவனி. அறையைத் திறந்தவுடனே காற்றிலுள்ள ஈரம் உலோகச் சுவர்களில் படிந்துவிடுகிறது; குற்றாலத்துச் சாரல் நம் சிற்றாற்றங்கரை வரையில் காற்றோடு வந்து வீசுகின்ற இத்தகைய மாதங்களில் அது இன்னும் மிகுதியாகப் படியும். ஆகவே முதல் சில மணி நேரம் நீருக்குரிய 18 என்ற முகடு ஓங்கி நிற்பது இயல்பு. பம்பு ஓட ஓட, சோர்ஸ் 230 டிகிரி வெப்பத்தில் இருக்க இருக்க, அது படிப்படியாகத் தணியும். ஓர் இரவு பொறுத்திருப்பது நலம். அவ்வாறன்றி, 28 என்ற முகடு 18ஐ மிஞ்சி எழுந்து, 32 அந்த 28இல் ஏறத்தாழ நாலில் ஒரு பங்காக நின்று, 40ம் உடன் தோன்றுமாயின், அது ஈரமன்று. நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் ஆர்கானும் கலந்த வெளிக்காற்றே உள்ளே கசிகிறது என்று நிச்சயம் செய்துகொள். கதவின் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமயிரோ நூலிழையோ ஒட்டியிருக்கலாம். முதல் முறை சூடேறி ஆறியபின் பகுப்புக் குழாயை இறுக்கும் ஃபெரூல் தளர்ந்திருக்கலாம். காற்று விடும் வால்வு முழுதும் மூடப்படாதிருக்கலாம். ஒவ்வோர் இணைப்பிலும் ஆர்கான் வாயுவைச் சிறிது செலுத்திப் பார். எவ்விடத்தில் 40 துள்ளி எழுகிறதோ அவ்விடமே கசிவு.

இந்தச் சோதனையை அற்பமென்று எண்ணாதே. மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில், விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் உருவான சேஸ் என்னும் சிறிய நாற்கம்ப மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், 2008 நவம்பர் 14 அன்று சந்திரயான்-1இலிருந்து பிரிந்த மோதுகலத்தில் ஏறி, சந்திரனின் தென்துருவத்தை நோக்கி வீழ்ந்துகொண்டே அவ்வெளியின் வாயுக்களை நிறுத்துப் பார்த்தது. அதன் பதிவுகளிலும் நீருக்குரிய 18ம் கரியமிலவாயுவுக்குரிய 44ம் ஓங்கி நின்றன. அந்த 18 சந்திரனுடைய நீரா, கருவி பூமியிலிருந்து சுமந்து சென்ற ஈரமா என்ற கேள்வியைத் தீர்க்காமல் எந்த விஞ்ஞானியும் முடிவு கூறமுடியாது. உன் மேசையின் மேலுள்ள கேள்வியும் அதுவே.

வெற்றிடம் குற்றமற்றதென்று தெரிந்த பின்னரே சோர்ஸைச் சந்தேகி. அளவுகோலாக நாம் செலுத்தும் பி.எஃப்.டி.பி.ஏ. என்ற திரவத்தின் முகடுகளுள் 69, 219, 502 ஆகிய மூன்றையும், அவற்றை அடுத்து நிற்கும் ஐசோடோப்பு முகடுகளையும் சேர்த்துப் பார். ஃப்ளூரினுக்கு இயற்கையில் ஒரே ஐசோடோப்பு. கார்பனிலோ நூற்றுக்கு 1.1 பங்கு நிறை 13 உடையது. ஆதலால் ஒரு கார்பனுடைய 69க்கு அடுத்த 70 அதில் 1.1 சதவீதமாகவும், நான்கு கார்பனுடைய 219க்கு அடுத்த 220 ஏறத்தாழ 4.3 சதவீதமாகவும், ஒன்பது கார்பனும் ஒரு நைட்ரஜனும் உடைய 502க்கு அடுத்த 503 ஏறத்தாழ 10 சதவீதமாகவும் நிற்கவேண்டும். இது இயற்கை வகுத்த பிரமாணம். இவை மூன்றும் பொருந்தியிருந்து 502 மட்டும் தாழ்ந்திருக்குமாயின், குற்றம் பெரும்பாலும் நீ கழற்றி மாட்டிய பாகத்திலேயே இருக்கும். துலக்கிய அலுமினாப் பொடி நுண்துளைகளில் தங்கியிருக்கலாம். கையுறையின்றித் தொட்ட விரலின் எண்ணெய் பீங்கான் காப்பில் படிந்திருக்கலாம். லென்ஸ் ஒன்று திசை மாறி அமைந்திருக்கலாம். அயனிகளை உந்தித் தள்ளும் ரிப்பெல்லரின் மின்னழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் முகடுகள் சிறிதும் அசையாவிட்டால், அதன் கம்பி முனையில் சேரவில்லை என்றே கொள். முகடே தோன்றாவிட்டால், ஃபிலமெண்டையும் அளவுத் திரவக் குப்பியையும் முதலில் பார்.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியதையும் கண்டதையும் உடனே ஏட்டில் எழுது. சுத்தம் செய்வதற்கு முன் எடுத்த ட்யூன் அறிக்கையை எப்போதும் பாதுகாத்து வை. அதனோடு ஒப்பிடாமல் இன்றைய எண்கள் நன்றா தீதா என்று எவராலும் கூற இயலாது. பாவூர்சத்திரத்துச் சந்தைக்கு ஒரு குடியானவன் கொண்டுவரும் கத்தரிக்காயில் பூச்சிமருந்தின் எச்சம் வரம்புக்குள் இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நீ இருக்கிறாய். பெருக்கியின் மின்னழுத்தத்தை உயர்த்திப் பெற்ற போலித் தேர்ச்சியின்மேல் அத்தீர்ப்பை எழுதாதே. காரணம் தெரியும்வரை மாதிரிகள் காத்திருக்கட்டும்.

உன் அன்புள்ள மாமா.