மூப்பும் இருதய மாத்திரைகளும்

வயது முதிர்ந்த மாட்டின் மீது இளங்காளைக்குரிய பாரத்தை ஏற்றும் உழவர் எவரும் இலர். ஆயினும், ஐம்பது வயதில் எழுதித் தரப்பட்ட இரத்த அழுத்த மாத்திரைகளை எண்பதிலும் அதே அளவில் உட்கொண்டு வரும் பெரியவர்கள் நம் இல்லங்களில் பலர் உளர்.

2021 ஆகஸ்டு 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இம்மாத்திரைகளை வீட்டு வாயிலுக்கே கொணர்கிறது. பெரும் நன்மையே. ஆனால் மாத்திரை வந்து சேர்வது வேறு. அந்த அளவு இன்னும் தேவைதானா என்று ஆராய்வது வேறு.

மேற்கு மாம்பலத்தில் வசிக்கும் நம் பெரியம்மாவுக்கு வயது 82. 1953-இல் தோன்றிய பப்ளிக் ஹெல்த் சென்டர் உள்ளிட்ட வைத்திய வசதிகளுக்குக் குறைவில்லாத பகுதி அது. காய்ச்சலில் படுத்து எடை குறைந்தபின், விடியலில் எழும்போதெல்லாம் அவருக்குத் தலை சுற்றியது; ஒருநாள் கீழே விழுந்துவிட்டார். மாத்திரைகளே காரணம் என்று வீட்டார் ஐந்தையும் ஒரே நாளில் நிறுத்தினர். நாமும் அதற்குத் தலையசைத்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. மூன்றாம் நாள் படபடப்பும் நெஞ்சு வலியும் கண்டு, ஆஸ்பத்திரிக்கு விரைய நேர்ந்தது.

அட்டினோலால், மெட்டோபிரோலால் போன்றவை இருதயத் துடிப்பின் வேகத்தை அடக்குபவை. திடீரென நிறுத்தினால் அடங்கிய துடிப்பு மீறி எழும், மாரடைப்பும் நேரலாம். வாரக்கணக்கில் சிறிது சிறிதாகவே அவற்றைக் குறைத்தல் வேண்டும். டாக்டர் அம்மாத்திரையை மீண்டும் தொடரச் செய்தார். பின்னர், படுத்த நிலையிலும், எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள்ளும் அழுத்தத்தை அளந்தார். நின்றபோது மேல் எண் 20-க்கு மேல் இறங்கியது. நீர் மாத்திரை ஒன்றை மட்டும் பாதியாக்கினார்.

இங்கிலாந்தில் 80 வயது கடந்த 569 பேரிடம் நடத்தி 2020-இல் வெளியான ஆராய்ச்சியில், ஒரு பிரிவினருக்கு ஒரே ஓர் அழுத்த மாத்திரை நிறுத்தப்பட்டது. 12 வாரங்களுக்குப்பின் மேல் எண் 150-க்குள் இருந்தோர் அவர்களில் நூற்றுக்கு 86, மற்றவரில் 88. அண்மையில் மாரடைப்புக் கண்டவரையும் இருதயம் பலவீனமுற்றவரையும் அதில் சேர்க்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

ஆகவே, முதியவர் மெலிந்தாலும், தலை சுற்றினாலும், கோடையில் பேதி கண்டாலும், மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டு ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டுக. நிற்கவைத்தும் அழுத்தம் பார்க்கச் சொல்லுக. ஒரு சமயத்தில் ஒரு மாத்திரையே குறைக்கப்பட வேண்டும். அதன்பின் கால் வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ அன்றே மீண்டும் அழைத்துச் செல்லுக.