மறுநாள் காலையில் எது நிற்கிறது?

அன்புள்ள மக்களே,

உன் கடிதம் கிடைத்தது. கருங்கலில் ஆசானிடம் சிலம்பம் படிக்கத் தொடங்கிவிட்டாய் என்று வாசித்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சமில்லை. சிலம்பமும் அடிமுறையும் வர்மமும் நம்ம குமரி மாவட்டத்து ஆசான்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றித் தந்த வித்தைகள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. உன் வயதுப் பெண்பிள்ளைகள் கம்பெடுத்து நிற்பதைப் பார்க்க மனசு நிறைகிறது.

உன் கேள்விக்கு வருகிறேன். சாயங்காலம் ஒரே வீச்சைத் திரும்பத் திரும்பச் சுற்றினால் கம்பு சொன்னபடி கேட்கிறது, மறுநாள் காலையில் அதே கம்பு தோளில் வந்து இடிக்கிறது, எனக்கு இது வராதோ என்று எழுதியிருக்கிறாய். வரும். ஆனால் பயிற்சி நேரத்தில் நன்றாக வருவது வேறு, உடம்பில் தங்குவது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் நன்றாக உழைக்கிற பிள்ளைகள்கூடப் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

1979இல் அமெரிக்காவில் ஷே, மார்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சிறிய மரத்தடுப்புகளைச் சொன்ன வரிசையில் கையால் வேகமாகத் தட்டிவிட வேண்டும். அப்படி மூன்று வரிசைகள். ஒரு கூட்டத்தார் முதல் வரிசையை முழுக்கப் பழகிவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். இன்னொரு கூட்டத்தாருக்கு மூன்றும் கலைத்துக் கலைத்து வந்தன. பழகும்போது முதல் கூட்டம்தான் வேகம். பத்து நாள் கழித்துச் செய்யச் சொன்னபோது கலைத்துப் பழகியவர்கள் முந்திவிட்டார்கள். ஒன்றையே அடுக்கிச் செய்யும்போது சற்று முன் செய்த அசைவின் சூடு கையில் இருக்கும்; மூளை புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை. மாற்றி மாற்றிச் செய்தால் ஒவ்வொரு தடவையும் அந்த அசைவை முதலிலிருந்து எடுத்தாக வேண்டும். அந்தச் சிரமம்தான் அதை உள்ளே இருத்துகிறது.

ஆகவே புதிதாகச் சொல்லித்தந்த வீச்சை ஓரிரு நாள் அடுக்கிச் செய். அதன் வடிவம் பிடிபட்டதும் வீச்சு, தடுப்பு, குத்து, காலெடுப்பு என்று கலைத்துவிடு. தடுமாறுவாய். தடுமாறட்டும். அடிமுறையில் தனியாகச் சுவடு எனும் காலடி வரிசையை வைத்துப் பழகியவரை ஆசான் எதிராளிக்கு முன்னால் கொண்டு நிறுத்துவதும் இதற்குத்தான் என்று நான் நினைக்கிறேன். எதிரே நிற்பவர் நம் வரிசைப்படி அடிக்க மாட்டார் அல்லவா?

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. 1920களில் மாஸ்கோவில் நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன் என்பவர் தொழிலாளிகளின் கையில் சின்னச் சின்ன விளக்குகளைக் கட்டி, சுத்தியலால் உளியை அடிக்கும்போது படம் எடுத்தார். கைதேர்ந்த தொழிலாளியின் தோளும் முழங்கையும் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் வேறு வழியில் போயின. ஆனால் சுத்தியல் மட்டும் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. மயிலாடிக்குப் போனால் கல் கொத்துகிற சிற்பிகளின் கையைக் கொஞ்ச நேரம் நின்று பார். கல்லின் கடினம் இடத்துக்கு இடம் மாறும், உட்காரும் கோணம் மாறும், அதற்குத் தக்கபடி கையும் மாறும். திறமை என்பது ஒரே அசைவை அச்சடிப்பதல்ல. அதே முடிவை ஒவ்வொரு தடவையும் புதிதாக எட்டுவது.

மாற்றிப் பழகுவதன் பலன் இன்னொரு சோதனையிலும் தெரிந்தது. 1978இல் கெர், பூத் என்ற ஆய்வாளர்கள் எட்டு வயதுக் குழந்தைகளைக் குறிபார்த்துச் சிறு பைகளை எறிய வைத்தார்கள். 3 அடி தூரத்திலேயே பழகியவர்களைவிட, 2 அடியிலும் 4 அடியிலும் மாற்றிப் பழகியவர்கள், தாங்கள் பழகாத அந்த 3 அடியில் நன்றாக எறிந்தார்கள். நீயும் சில நாள் கனமான கம்பை எடு, சில நாள் குட்டைக் கம்பை எடு. மிடாலம் கடற்கரை மணலில் நின்று சுற்றிப் பார்.

எவ்வளவு நேரம் பழகலாம் என்று கேட்டிருந்தாய். பிரிட்டனில் தபால்காரர்களுக்குத் தட்டச்சு சொல்லிக்கொடுத்தபோது பேட்லி, லாங்மன் என்ற ஆய்வாளர்கள் கவனித்து 1978இல் எழுதினார்கள்: ஒரு நாளைக்கு 1 மணி நேரம் பழகியவர்கள், 4 மணி நேரம் பழகியவர்களைவிடக் குறைந்த மொத்த மணி நேரத்தில் படித்து முடித்தார்கள். ஆனால் நாள்கணக்கு நீண்டதால் அவர்களுக்குத்தான் மனக்குறை அதிகம். உனக்கும் அப்படித்தான் தோன்றும். ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுற்றித் தள்ளுவதைவிடத் தினமும் முக்கால் மணி நேரம் போதும்.

போட்டிக்கு முந்தின நாள் பாதி ராத்திரிவரை பழகுவேன் என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் செய்யாதே. 2002இல் மேத்யூ வாக்கர் என்ற ஆய்வாளரின் குழுவினர் செய்த விரல் தட்டும் சோதனையில், ஓர் இரவு தூங்கி எழுந்தவர்கள் இடையில் பழகாமலே ஏறத்தாழ 20 சதவீதம் வேகம் கூடியிருந்தார்கள். அவ்வளவு நேரம் விழித்தே இருந்தவர்களுக்கு அந்த முன்னேற்றம் கிடைக்கவில்லை. தூக்கமும் பயிற்சியில் சேர்த்திதான்.

ஆசான் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டே நிற்கிறார் என்ற உன் குறை நியாயமில்லை. ஒவ்வொரு தடவையும் பிழையை எடுத்துச் சொல்லித் திருத்தப்பட்டவர்களைவிட, பாதித் தடவை மட்டும் சொல்லப்பட்டவர்களுக்கு அசைவு பின்னால் நன்றாக நின்றதை 1990இல் வின்ஸ்டைன், ஷ்மிட் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். எப்போதும் யாராவது சொல்லித்தந்தால் உன் உடம்பு தன் பிழையைத் தானே உணரப் பழகாது. மொபைலில் ஒவ்வொரு சுற்றையும் படம்பிடித்துப் பார்ப்பதும் இதே பிழைதான். எத்தனையோ பிள்ளைகளின் கையைத் திருத்திய மனிதர் அவர். எப்போது வாய் திறக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இன்னொன்று: மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது என்று யோசித்துக்கொண்டிருக்காமல் கம்பின் நுனி எங்கே போகிறது என்று பார். கவனம் கைமேல் இருப்பதைவிடக் கருவிமேல் இருக்கும்போது அசைவு சீராக வருவதை காப்ரியேலே வுல்ஃப் என்ற ஆய்வாளர் பல சோதனைகளில் கண்டிருக்கிறார்.

ஆசானிடம் கேட்டுவிட்டு அடுத்த வாரத்திலிருந்து வரிசையைக் கலைத்துப் பழகு. சாயங்காலத்துச் சுற்றைக் கணக்கில் எடுக்காதே. காலையில் கம்பைத் தொட்டதும் வருகிற முதல் வீச்சு எப்படி இருந்தது என்று மட்டும் ஒரு நோட்டில் குறித்துவை. மாதக் கடைசியில் அந்த நோட்டை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா