கைக்கு அடிபட்ட பின்: ரொக்கமா, மாதப் பணமா?

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டிலிருந்து ஒரகடம் வரை நீளும் ஆலை வரிசையில் வெளியே தெரிவது பெரிய கார் கம்பெனிகளின் பெயர்ப்பலகைகள்தான். விரல்கள் போவது பெரும்பாலும் அவற்றுக்கு உதிரிபாகம் அனுப்பும் சிறிய கம்பெனிகளின் பிரஸ் மெஷின்களில். வாகன உதிரிபாகத் தொழிலின் விபத்துகளைப் பற்றி 'சேஃப் இன் இந்தியா' அமைப்பு 2019 முதல் ஆண்டறிக்கைகள் வெளியிடுகிறது. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் செய்தி ஒன்று உண்டு: அடிபட்டவர்களில் பலருக்கு, தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் கார்டே விபத்துக்குப் பிறகுதான் கைக்கு வந்திருக்கிறது.

எனவே அடிபட்டவர் முன்னால் வரும் முதல் தேர்வு மருத்துவமனை வாசலிலேயே வந்துவிடும். 'செலவை நாங்க பாத்துக்கறோம், வீட்ல வழுக்கி விழுந்ததா சொல்லிடு' என்பார் கான்ட்ராக்டர் அல்லது சூப்பர்வைசர். சில நாள் கழித்து ஒரு தொகையும் ஒரு ராஜினாமாக் கடிதமும் சேர்ந்தே வரும். ரொக்கம் கண்ணுக்குத் தெரிகிறது, இ.எஸ்.ஐ. தரும் மாதப் பணம் தெரிவதில்லை. ஊரில் கடன் இருக்கும், தங்கையின் கல்யாணம் இருக்கும். இந்த நிலையில் கையெழுத்துப் போடுகிறவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் போடுவதற்கு முன் கணக்கு ஒன்றைப் பார்த்துவிட வேண்டும்.

வயது 25, மாதச் சம்பளம் 15,000 ரூபாய், போனது ஒரு கட்டைவிரல் முழுவதும் என்று வைத்துக்கொள்வோம். சட்ட அட்டவணை இதற்குக் கொடுக்கும் வருவாய் இழப்பு 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கோ சுண்டு விரலுக்கோ 7, ஒரே கையில் நான்கு விரலும் போனால் 50. இடதா வலதா என்று அட்டவணை பார்ப்பதில்லை.

இவர் இ.எஸ்.ஐ.யில் இருந்தால், கட்டுப் போட்டிருக்கும் காலத்துக்குக் கூலியில் 90 சதவீதம், அதாவது நாளுக்கு ஏறத்தாழ 450 ரூபாய் வரும். வேலையில் சேர்ந்த முதல் நாளே அடிபட்டிருந்தாலும் இது உண்டு. 'இன்னும் சந்தா கட்டவில்லையே' என்பது பதிலாகாது. காயம் ஆறி மருத்துவர் இறுதிச் சான்று கொடுத்ததும் மருத்துவ வாரியம் கையைப் பார்த்துச் சதவீதம் போடும். 30 என்றால் 450-இல் 30 சதவீதம், நாளுக்கு 135. மாதம் 4,050 ரூபாய், ஆயுள் முழுவதும். விலைவாசியைப் பார்த்து அவ்வப்போது உயர்த்தவும் செய்கிறார்கள்.

இ.எஸ்.ஐ. இல்லாதவருக்கு 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் தந்த வழி உண்டு. 2025 நவம்பர் 21 முதல் இ.எஸ்.ஐ., இழப்பீடு இரண்டுமே சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டன. கணக்குப் போடும் முறை அதே அடிப்படையில்தான் நிற்கிறது. சம்பளத்தில் 60 சதவீதம் 9,000. 25 வயதுக்கான காரணி 216.91. இரண்டையும் பெருக்கி அதில் 30 சதவீதம் எடுத்தால் 5,85,657 ரூபாய், ஒரே தவணையில். இந்தக் கணக்குக்கான சம்பள உச்சவரம்பாக 2020 ஜனவரியில் அறிவித்தது 15,000 ரூபாய். அதற்கு மேல் வாங்கியிருந்தாலும் அவ்வளவுதான் எடுத்துக்கொள்வார்கள்.

எது மேல்? மாதம் 4,050 என்றால் பன்னிரண்டு ஆண்டில் அந்த ஐந்தே முக்கால் லட்சத்தைத் தொட்டுவிடும். 37 வயதில். அதன்பின் வருவதெல்லாம் கூடுதல். மறுபடி அதே கம்பெனியில் முழுச் சம்பளத்துக்கு வேலை பார்த்தாலும் மாதப் பணம் நிற்காது. ராஜினாமா செய்தாலும், ஒடிசாவுக்கோ திருவண்ணாமலைக்கோ திரும்பிவிட்டாலும் வங்கிக் கணக்குக்கு வரும். உயிரோடிருப்பதற்கான சான்றை மட்டும் காலத்தில் கொடுத்துவர வேண்டும். என் சாய்வு இ.எஸ்.ஐ. பக்கம் என்பதை ஒளிக்கவில்லை. மொத்தப் பணத்தை வங்கியில் போட்டு வட்டியில் வாழ்வது காகிதத்தில் அழகு. அந்தப் பணத்தைச் சுற்றி எத்தனை கைகள் நீளும் என்பது அடிபட்டவருக்குத்தான் தெரியும்.

ஆனால் இரண்டில் எது என்று நாம் தேர்ந்தெடுப்பதில்லை. வேலை நிலைதான் முடிவு செய்கிறது. இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் மற்ற வழியில் இழப்பீடு கேட்க முடியாது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்கள் இ.எஸ்.ஐ.க்குள் வருவார்கள், கான்ட்ராக்ட் ஆட்களும் சேர்த்தி. அப்ரெண்டிஸ் சட்டத்தின் கீழ் பதிவு செய்த பயிற்சியாளருக்கு இ.எஸ்.ஐ. கிடையாது, அவருக்கு இழப்பீட்டு வழிதான், கொடுக்க வேண்டியது முதலாளி. எல்லாரையும் 'டிரெய்னி' என்றே கூப்பிடும் இந்தப் பகுதியில், சேர்ந்த அன்று கொடுத்த தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வைப்பது நல்லது.

கம்பெனி தனியாகக் கொடுக்கும் தொகையை வாங்கினால் உரிமை போய்விடுமா? போகாது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது சட்டம். மனிதாபிமானத்தில் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். விபத்து வேறெங்கோ நடந்தது என்று எழுதிய தாளில் மட்டும் கையெழுத்து வேண்டாம். மருத்துவமனையின் முதல் சீட்டில் 'வேலையின்போது மெஷினில்' என்று இருப்பதும், கம்பெனி விபத்து அறிக்கையை இ.எஸ்.ஐ.க்கு அனுப்பியதும்தான் பின்னால் வாரியம் வரை வழி திறக்கும். கம்பெனி அனுப்ப மறுத்தால் நாமே கிளை அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுக்கலாம். வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் பெங்களூரு நெடுஞ்சாலையில் நடக்கும் விபத்தும், 2010 திருத்தத்துக்குப் பின், பணிவிபத்தாக ஏற்கப்படும். வாரியம் போட்ட சதவீதம் குறைவு என்று பட்டால் மேல்முறையீடு உண்டு. விரல் போகாமல் விறைத்து மடங்காமல் நின்றுவிட்ட கைகளுக்கு அட்டவணையில் நேரடி எண் இல்லாததால், சண்டை பெரும்பாலும் அங்கேதான்.

வாரியத்தின் சதவீதமும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் சதவீதமும் வேறு வேறு. முன்னது வருவாய் இழப்பு, பின்னது உடல் குறைபாட்டின் அளவு. ஒன்றைக் காட்டி மற்றதைக் கேட்டு அலைய வேண்டாம். இந்த அடையாள அட்டைக்கு (யு.டி.ஐ.டி.) இணையத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவக் குழு முன் போக வேண்டும். காஞ்சிபுரம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள். 40 சதவீதம்தான் எல்லைக்கோடு. அதைத் தொட்டால் அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு, இ.எஸ்.ஐ.யின் சம்பள வரம்பு 25,000 ரூபாய் எனப் பல கதவுகள் திறக்கும். ஒரு விரல், இரண்டு விரல் போனவர்களில் பலர் இந்தக் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடுவார்கள். கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கான வெள்ளை அட்டை கிடைத்தாலும் வாங்கி வையுங்கள். பெரிய எதிர்பார்ப்பு மட்டும் வேண்டாம்.

கையைத் திரும்பப் பழக்குவதில் அவசரப்பட்டுப் பணம் செலவிட வேண்டாம். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவு 1970-களில் டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்தது; இலவசம், கூட்டமும் அதிகம். கால்விரலை எடுத்துக் கட்டைவிரலாக்கும் அறுவை எல்லாருக்கும் பொருந்தாது, ஆனால் கட்டைவிரல் போனவர் அதைப் பற்றி ஒருமுறையாவது கேட்டுவிட வேண்டும். சிலிகோன் விரல் பார்வைக்கு மட்டும். கல்யாண வீட்டுக்குப் போட்டுப்போகலாம், ஸ்பேனர் பிடிக்க முடியாது. செயற்கை உறுப்புக்கு இ.எஸ்.ஐ. உண்டு, கே.கே.நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனையும் உண்டு.

இனி வேலை. அடிபட்டவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்ற 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பிரிவு அரசு நிறுவனங்களுக்குத்தான். தனியார் ஆலையில் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் 'வேற வேலை குடுங்க' என்று பொதுவாகக் கேட்பதைவிட, தர ஆய்வு, ஸ்டோர், டெஸ்பாட்ச் என்று இடத்தைச் சொல்லி, ஹெச்.ஆருக்கு எழுத்தில் கொடுங்கள். நிரந்தர ஆளாக இருந்தால் சங்கத்தோடு சேர்ந்து இதில் முட்டலாம். கான்ட்ராக்ட் ஆளுக்கு அது கடினம். அவருக்குப் புதுத் தொழில் பழகுவதே சில சமயம் வேகமான வழி. கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் பயிற்சியும் வேலைத் தொடர்பும் தருகிறது. பணிவிபத்தால் குறைந்தது 40 சதவீதம் இழந்து, 45 வயதைத் தாண்டாதவருக்குத் தொழில் மறுவாழ்வுப் பயிற்சிக் காலத்தில் இ.எஸ்.ஐ. படியும் உண்டு.

ஊனத்தாலேயே வேலையை விட நேர்ந்தால், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டி, ஓய்வு வயது வரை தனக்கும் துணைக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவத்தைத் தொடரலாம். ராஜினாமாக் கடிதத்தில் 'சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதச் சொன்னால், விபத்தால் வந்த ஊனம் என்றே எழுதிக் கொடுங்கள். பின்னால் அந்தச் சலுகையைக் கேட்கப் போகும்போது முதலில் பார்க்கப்படுவது வேலையை விட்ட காரணம்தான்.