முன்னும் பின்னும் செல்லும் வினைகள்

நெப்போலியன் 1798ஆம் ஆண்டில் எகிப்தின்மீது படையெடுத்தபோது, அறிஞர் பலரையும் உடன் அழைத்துச் சென்றார். அவர்களுள் பெர்தோலே என்பவர் வேதியியல் வல்லுநர். நைல் ஆற்றின் மேற்கே, பாலைநிலத்தில் வாதி நத்ரூன் என்னும் பகுதியில் உப்பேரிகள் உள்ளன. அவற்றின் கரைகளில் சோடியம் கார்பனேட் வெண்மையாகப் படிந்திருப்பதைக் கண்டு பெர்தோலே வியப்புற்றார். வியப்புக்குக் காரணம் யாது? சோடியம் கார்பனேட்டையும் கால்சியம் குளோரைடையும் நீரில் கலந்தால், கால்சியம் கார்பனேட் வீழ்படிவாகும். கறியுப்பு கரைசலில் நிற்கும். இஃது ஆய்வுக்கூடத்தில் அவர் நன்கறிந்த வினை. ஏரிக்கரையிலோ சுண்ணாம்புக் கல்லும் உப்பும் கூடிச் சோடியம் கார்பனேட்டைத் தந்தனபோல் தோன்றின. வினை தலைகீழாயிற்று! உப்பு மிகுதியாக இருந்தமையே காரணம் என்று அவர் கருதினார். அவ்வேரிகளில் சோடா விளைவதற்குப் பிற்காலத்தார் வேறு விளக்கங்களும் கூறியுள்ளனர். ஆயினும் வினை பின்னோக்கியும் செல்லக்கூடும் என்ற கருத்து நிலைத்துவிட்டது.

அதனை ஓர் எளிய சான்றால் அறிவோம். சுண்ணாம்புக் கல்லை மூடிய கலத்தில் இட்டுக் கடுமையாகச் சூடாக்கி, வெப்பநிலை மாறாமல் காப்போமாயின், கல் சுட்ட சுண்ணாம்பாகவும் கரியமில வாயுவாகவும் பிரியும். வாயு பெருகப் பெருக, அது சுண்ணாம்புடன் மீண்டும் கூடிக் கல்லாவதும் விரைவுபெறும். முடிவில் பிரியும் வேகமும் கூடும் வேகமும் ஒத்துவிடும். அப்பொழுது கலத்தினுள் யாதொரு மாற்றமும் நிகழாததுபோல் தோன்றும். உண்மையில் இரு வினைகளும் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும். இந்நிலையே வேதிச் சமநிலை. அங்ஙனமாயின் காளவாயில் இட்ட கல் முழுதும் சுண்ணாம்பாவது எவ்வாறு? அங்கு வாயு புகையோடு வெளியேறிவிடுகிறது. திரும்பி வந்து கூடுவதற்கு அது இருப்பதில்லை. பொருள்களின் அளவுக்கும் வினைக்கும் உள்ள இத்தொடர்பை நார்வே நாட்டவரான குல்பெர்க், வாகே என்னும் இருவர் 1864இல் விதியாக வகுத்தனர்.

இவ்வுண்மையை அறியாமையால் நேர்ந்த பொருட்கேடு சிறிதன்று. இரும்பு உருக்கும் ஊதுலையில் கார்பன் மோனாக்சைடு, தாதுவிலுள்ள ஆக்சிஜனைக் கவர்ந்து இரும்பைப் பிரிக்கிறது. தான் கரியமில வாயுவாகிறது. எனினும் உலையின் உச்சியில் வெளிவரும் வாயுவில் மோனாக்சைடு மிகுதியாக எஞ்சியிருந்தது. தாதுவோடு அது கலந்திருக்கும் நேரம் போதவில்லை போலும் என்று எண்ணிய இங்கிலாந்து இரும்பாலையார், 30 மீட்டர் உயரமுள்ள உலைகளைப் பெரும்பொருள் செலவிட்டு எழுப்பினர். எஞ்சிய வாயுவின் பங்கோ குறையவே இல்லை! பிரெஞ்சு அறிஞர் லெ சாட்டலியே 1888இல் இதன் காரணத்தை எடுத்துரைத்தார். கரியமில வாயுவும் இரும்போடு வினைபுரிந்து, இரும்பின் ஆக்சைடையும் மோனாக்சைடையும் திரும்பத் தரவல்லது. ஆதலின் சமநிலை எய்தியபின், உலையை இருமடங்கு உயர்த்தினும் பயன் என்ன? எஞ்சும் அவ்வாயு இன்று வீணாவதில்லை. அதனைத் தனியே எரித்து, உலைக்குள் ஊதும் காற்றைச் சூடாக்குகின்றனர்.