மாதிரிப் படகு ஏன் கவிழ்ந்தது?

மாணவர்களே, 'ஆப்டிமிஸ்ட்' என்ற சிறுவர் பாய்மரப் படகை 1947இல் அமெரிக்கரான கிளார்க் மில்ஸ் வடிவமைத்தார். நீளம் சுமார் 2.3 மீட்டர், வெறும் படகின் எடை 35 கிலோ. நிபோங் திபாலில் என் மாணவர்கள் பால்சா மரத்தில் அதைப் பத்தில் ஒரு பங்காகச் செய்தார்கள். அளவு பிசகவில்லை. ஆனால், தொட்டியில் மிதக்கவிட்டு மின்விசிறியைப் போட்டதும் கவிழ்ந்தது!

பாயின் பரப்பு நூறில் ஒரு பங்கு. காற்று தள்ளும் உயரம் பத்தில் ஒரு பங்கு. ஆகவே, கவிழ்க்கும் திருப்புத்திறன் ஆயிரத்தில் ஒரு பங்கு. நிமிர்த்துவது எடை. அது ஆயிரத்தில் ஒரு பங்கு, தூரம் பத்தில் ஒரு பங்கு. பெருக்கினால் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான்! காற்று மட்டும் சுருங்கவில்லையே. நிஜப் படகில் விளிம்புக்கு வெளியே சாய்ந்து சமன்செய்யும் சிறுவனும் இதில் இல்லை.

படகின் அடியில் இறங்கும் பலகையை நீளமாக்கி, அதன் நுனியில் இரும்பு நட்டுகளைக் கட்டுங்கள். ஒவ்வொரு நட்டுக்கும் படகு எவ்வளவு தாழ்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.