டிக்கியைத் திறந்து பார்த்து வாங்கிய கார்

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்வார்கள். எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கூட குனிந்து இரண்டு நிமிடம் பார்த்து, 'ம்' கொட்டிவிட்டு நிமிர்வார். நான் டிக்கியைத் திறக்கச் சொல்வேன். விற்பவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். நான் இஞ்ச் டேப்பை எடுத்ததும் அந்தப் பார்வை இன்னும் கொஞ்சம் மாறும். புதுச்சேரியில் குடும்பத்தோடு சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போக ஒரு செகண்ட்ஸ் வண்டி தேடினால், வாங்கலாமா வேண்டாமா என்பதில் பாதி அந்த டிக்கித் தரையிலேயே தெரிந்துவிடும். சைக்கிள் படுக்கப்போவதும் அங்கேதான். வெள்ளமும் உப்புக்காற்றும் தடம் விட்டுப்போவதும் அங்கேதான்.

சைக்கிளை ஓட்டாமல் ஏன் காரில் ஏற்ற வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: கடற்கரைச் சாலையை மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வாகனங்களுக்கு மூடிவிடுகிறார்கள். விடியற்காலையில் பிள்ளைகள் பயமில்லாமல் ஓட்ட ஊருக்குள் அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் லாஸ்பேட்டையிலிருந்து ராஜீவ் காந்தி சிலைச் சந்திப்பைத் தாண்டியோ, ரெட்டியார்பாளையத்திலிருந்து இந்திரா காந்தி சிலைச் சந்திப்பைத் தாண்டியோ பத்து வயதுப் பிள்ளையைத் தனியாக ஓட்டிவரச் சொல்ல எந்த அம்மாவும் சம்மதிக்க மாட்டாள். ஊசுட்டேரிக் கரைக்கும் ஆரோவில் பக்கத்துச் செம்மண் பாதைக்கும் இதே கதைதான். வீட்டில் நாங்கள் நால்வர். சைக்கிள் மூன்று: எனக்கு ஒரு மவுன்டன் பைக், மகளுக்கு 24 இஞ்ச், மகனுக்கு 20 இஞ்ச். இதற்கு மேல், முழங்கால் வலியோடு அவ்வப்போது கூட வரும் அம்மாவுக்கு ஏறி இறங்க வசதியான ஓர் இருக்கையும் வேண்டும்.

கம்பெனிகள் டிக்கியின் கொள்ளளவை லிட்டரில் சொல்கின்றன. அரிசி மூட்டைக்கு அந்தக் கணக்கு சரி, சைக்கிளுக்கு ஆகாது. மாருதி சியாஸின் டிக்கி 510 லிட்டர். 2018 நவம்பரில் வந்த இரண்டாம் தலைமுறை எர்டிகாவில் மூன்றாம் வரிசையை மடக்கினால் 550 லிட்டர். தாளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சியாஸின் பின் சீட் மடங்காது. டிக்கி வாயும் தபால் பெட்டி போலக் குறுகல். பெட்டிகளை எத்தனை வேண்டுமானாலும் அடுக்கலாம், 24 இஞ்ச் சைக்கிளை நுழைக்க முடியாது. அதனால் செடான் வகையை நான் தேடலின் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டேன்.

நாடாவால் அளக்க வேண்டியவை மூன்று. கதவைத் தூக்கியபின் கிடைக்கும் வாயின் உயரம். டிக்கிக்குள் இரு பக்கமும் சக்கரத்துக்காகப் புடைத்திருக்கும் இடத்துக்கு நடுவே உள்ள அகலம். முன் சீட்டை நீங்கள் வழக்கமாக வைக்கும் நிலையில் வைத்து, அதன் முதுகிலிருந்து டிக்கிக் கதவு வரையுள்ள நீளம். பெரியவர்கள் ஓட்டும் சைக்கிள் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மீட்டர் நீளம். முன்சக்கரத்தைக் கழற்றினால் ஓரடிக்கு மேல் குறையும். மவுன்டன் பைக்கின் ஹேண்டில்பார் எழுபது சென்டிமீட்டரும் அதற்கு மேலும் போகும். பெரும்பாலும் இடிப்பது அதுதான். நாடாவையும் முழுதாக நம்ப வேண்டாம். வண்டி பிடித்துப்போய், விலை பேசும் கட்டம் வந்தால், டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன் சைக்கிளையே கொண்டுபோய் ஏற்றிப் பாருங்கள். "சார், காருக்கு டிரையல் பாப்பாங்க, நீங்க சைக்கிளுக்கு டிரையல் பாக்கறீங்களே" என்று ஒரு புரோக்கர் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு கை பிடித்துத் தூக்கியும் விட்டார்.

இனி வண்டிகள். இன்னோவா என்றால் எல்லோருக்கும் ஒரு மரியாதை; நியாயமான மரியாதைதான். ஆனால் பெரும்பாலான இன்னோவாக்களில் மூன்றாம் வரிசை இரண்டு பக்கமும் மேலே மடங்கி ஜன்னலோரம் தொங்கும். தரை காலியாகும், அகலம் போய்விடும். எர்டிகாவில் அந்த வரிசை முன்பக்கமாகப் படுத்துவிடுகிறது. சைக்கிளை அதன் மேலேயே கிடத்தலாம். ரெனோ டிரைபர் 2019-இல் வந்தது. நான்கு மீட்டருக்குச் சற்றே குறைந்த வண்டி. மூன்றாம் வரிசை சீட்டுகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டால் 625 லிட்டர் இடம். குறுகலான தெருவில் வீடு இருப்பவர்களுக்கு, இரண்டு சைக்கிள் போதும் என்பவர்களுக்கு, என் வாக்கு டிரைபருக்கு. எஞ்சின் ஒரு லிட்டர்தான். ஐந்து பேரோடு ஏ.சி. போட்டு மேடேறும்போது அது தெரியும். பழைய டிரைபர் வாங்கினால் கழற்றிய அந்த இரண்டு சீட்டுகளையும் கேட்டு வாங்குங்கள். கொடுக்க மறந்துவிடுகிறவர்கள் உண்டு.

ஹோண்டா ஜாஸை அதிகம் பேர் யோசிப்பதில்லை. 2015-இல் வந்த ஜாஸின் சில வேரியன்ட்களில் பின் சீட்டின் அடிப்பாகம் சினிமா தியேட்டர் நாற்காலி மாதிரி மேலே மடங்கும். சிறுவர் சைக்கிளை முன்சக்கரம் கழற்றி அந்த இடத்தில் நிமிர்த்தியே வைக்கலாம். எல்லா ஜாஸிலும் இந்த வசதி இல்லை. கையால் தூக்கிப் பார்த்தபின் விலை பேசுங்கள். ஹோண்டா மொபிலியோ, ரெனோ லாட்ஜி, செவர்லே என்ஜாய் மூன்றிலும் இடம் தாராளம், விலையும் ஆசை காட்டும். மூன்றுமே சந்தையை விட்டுப் போனவை. செவர்லே 2017-இலேயே இந்தியாவில் விற்பனையை நிறுத்திக்கொண்டது. ஒரு டெயில் லாம்ப் உடைந்தால் எங்கே கிடைக்கும் என்று உங்கள் மெக்கானிக் சொல்லும் பதிலைப் பொறுத்து முடிவெடுங்கள். மாருதி ஈக்கோ பெட்டி மாதிரி இருப்பதால் சைக்கிளுக்கு அருமை. குடும்பத்தோடு திண்டிவனம் நெடுஞ்சாலையில் வேகமாகப் போக எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. எந்த மாடலானாலும் சி.என்.ஜி. வண்டி வேண்டாம்: சிலிண்டர் டிக்கியில் உட்கார்ந்திருக்கும், சைக்கிள் வெளியே நிற்கும்.

சைக்கிளை வெளியே மாட்டும் கேரியர் இருக்கிறதே என்பீர்கள். டிக்கிக் கதவில் பெல்ட்டால் கட்டும் வகையை ஒரு நண்பர் வைத்திருக்கிறார். நம்பர் பிளேட்டும் டெயில் லாம்பும் சைக்கிளுக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. நம்பர் பிளேட் மறைந்த வண்டியைப் போலீஸ் நிறுத்துவது நியாயம்தான். கூரையில் ஏற்றினால் வண்டியின் உயரம் இரண்டே முக்கால் மீட்டரைத் தொடும். மரக்கிளையும் கேபிள் ஒயரும் தொங்கும் நம் தெருக்களில் அந்த உயரத்தை எப்போதும் நினைவில் வைத்து ஓட்டுவது பெரிய தொல்லை. உள்ளே வைப்பதே உத்தமம்.

வண்டியின் நிலை பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. கடலோர ஊரில் ஓடிய வண்டியின் மேல்பக்கம் பளபளப்பாக இருப்பதில் ஒன்றும் இல்லை. "மேல பாக்காதீங்க சார், கீழ குனிஞ்சு பாருங்க" என்பார் எங்கள் மெக்கானிக் அண்ணன். கதவின் அடி விளிம்பு, ரன்னிங் போர்டின் உள்மடிப்பு, டிக்கிக் கதவு ரப்பருக்கு அடியிலுள்ள தகடு, சைலன்சர் மாட்டும் கொக்கிகள்: துரு முதலில் குடியேறுவது இங்கெல்லாம்தான். எர்டிகா, டிரைபர், இன்னோவா மூன்றிலும் ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் வெளியே தொங்குகிறது. அதை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். இறக்கும் கம்பி துருவேறி இறுகியிருந்தால், அடிப்பாகத்தின் மற்ற இடங்களும் அதே உப்பைத்தான் தின்றிருக்கும். புதிதாகக் கறுப்புக் கோட்டிங் அடித்து நிற்கும் வண்டி என்றால் எனக்குச் சந்தேகம் கூடும். கோட்டிங் நல்லதுதான், ஆனால் விற்பதற்கு முந்திய வாரம் ஏன் அடித்தார்கள்?

அடுத்தது வெள்ளம். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் வீட்டு வாசலில் நின்ற வண்டிகள் நின்ற இடத்திலேயே தண்ணீர் குடித்தன. அவற்றில் பல சுத்தமாகத் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னை வண்டிகளுக்கு நடந்ததும் இதுவே. கண்டுபிடிக்கும் வழி ரொம்பச் சுலபம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். வழக்கமாகச் சுருண்டே கிடக்கும் பகுதியில் சேற்றுக்கறை இருக்கும். முன் சீட்டைப் பின்னால் தள்ளி, அது ஓடும் தண்டவாளத்தின் போல்ட்டுகளைப் பாருங்கள். டிக்கி விரிப்பைத் தூக்கி, ஜாக்கி வைக்கும் குழியில் விரலை விட்டுத் துழாவுங்கள். துடைப்பவர் கை அந்தக் குழிக்குப் போவதில்லை. நான் பார்த்த ஒரு எர்டிகாவில் உள்ளே ஏறியதும் வாசனைத் திரவியம் தூக்கியடித்தது. ஜாக்கிக் குழியில் மெல்லிய வண்டல் மணல் நறநறத்தது. வண்டியைக் காட்டியவர் "பீச்சுக்குப் போன மணல் சார்" என்றார். பீச் மணலுக்கும் சாக்கடை வண்டலுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்களா என்ன? அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் வண்டியின் பழைய சர்வீஸ் பதிவைக் கேட்டுப் பாருங்கள். 2024 டிசம்பரில் பெரிய வேலை ஏதாவது நடந்திருந்தால் காரணம் கேளுங்கள். மீட்டரைத் திருப்பியிருந்தாலும் அந்தப் பதிவு காட்டிக்கொடுக்கும்.

டாக்சியாக ஓடி, ஓன் போர்டாக மாற்றப்பட்ட வண்டிகள் சுற்றுலா ஊரில் நிறைய. மாற்றியது சட்டப்படி தப்பில்லை. மீட்டர் எண்பதாயிரம் காட்ட, கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மட்டும் யோசியுங்கள்.

நம் ஊருக்கே உரிய தலைவலி எல்லை. முத்தியால்பேட்டையிலிருந்து நடக்கிற தூரத்தில் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. அங்கே நிற்கும் டி.என். வண்டியை பி.ஒய். விலாசக்காரர் வாங்கினால், படிவம் 28-இல் என்.ஓ.சி. எடுத்து, முதலியார்பேட்டை நூறடிச் சாலைப் போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் மறுபதிவு செய்து, இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். கடலூர், விழுப்புரம் வண்டிகளுக்கும் அப்படியே. 'சும்மா ஓட்டுங்க, யார் கேக்கப் போறா' என்பார்கள். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இன்னொன்றில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் மறுபதிவு கட்டாயம் என்பது மோட்டார் வாகனச் சட்டம். வரியையும் அலைச்சலையும் விலையோடு கூட்டிப் பார்த்தால், மலிவாகத் தெரிந்த டி.என். வண்டி பல நேரம் மலிவு இல்லை. பி.ஒய்.01 என்றதும் ஆர்.சி.யைப் பார்க்காமல் விட்டுவிடவும் கூடாது. இங்கே வரி குறைவு என்பதால் வெளி மாநிலத்தவர் போலி விலாசத்தில் சொகுசுக் கார்களைப் பதிந்த விவகாரம் 2017-இல் பெரிதாக வெடித்தது. ஆர்.சி.யிலுள்ள விலாசத்தில் அந்த ஆள் நிஜமாகவே இருந்தாரா என்று கேட்பது இங்கே மரியாதைக் குறைவு ஆகாது. டெல்லிப் பக்கம் பத்து வருடம் கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை வந்தபின் அங்கிருந்து இன்னோவாக்கள் தெற்கே வரத் தொடங்கின. துரு இருக்காது என்பது உண்மை. மற்றபடி காகிதத்தைத் துருவிப் பார்க்க வேண்டியது அவற்றில்தான்.

எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவுத் தேதி, இன்சூரன்ஸ் முடியும் நாள், ஃபைனான்ஸ் இருக்கிறதா என்பதெல்லாம் வரும். கடன் அடைத்திருந்தாலும் படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யில் அந்தப் பெயரை நீக்கியிருக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30 படிவங்கள். வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். விற்றவருக்கு இருந்த நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. 2012-இல் பதிவான முதல் எர்டிகாக்களுக்கு 2027-இல் 15 ஆண்டு முடிகிறது. அப்போது ஐந்து ஆண்டுக்குப் புதுப்பிக்க எஃப்.சி. பார்ப்பார்கள், துருப்பிடித்த அடிப்பாகம் அன்றைக்குப் பேசும்.

நாங்கள் கடைசியில் வாங்கியது லாஸ்பேட்டையில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர் வைத்திருந்த 2019 பெட்ரோல் எர்டிகா. மூன்றாம் வரிசையைப் படுக்கவைத்து, நடு வரிசையில் சின்னப் பக்கத்தை மட்டும் மடக்கினால் என் சைக்கிள் நீளவாக்கில் போய்விடுகிறது. பிள்ளைகளுடையவை அதன் மேல். பெரியது முதலில், செயின் பக்கம் மேலே பார்க்க வேண்டும். கியர் தொங்கும் பக்கத்தைக் கீழே வைத்தால் வளைந்துவிடும். நடுவில் பழைய ஜமுக்காளம் விரித்தால் கீறலும் இல்லை, கிரீஸும் இல்லை. டிஸ்க் பிரேக் சைக்கிளில் சக்கரத்தைக் கழற்றியதும் பேடுகளுக்கு இடையே ஒரு அட்டைத் துண்டைச் செருகிவிடுங்கள். பையன் விளையாட்டாக பிரேக்கைப் பிடித்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பெடலைக் கழற்ற நேர்ந்தால் இடது பெடலின் மரை எதிர்த்திசை. எல்லாவற்றையும் ஒரு கயிற்றால் சீட்டின் அடிக்கம்பியோடு கட்டுங்கள். திடீர் பிரேக்கில் பதினைந்து கிலோ இரும்பு பிள்ளைகளின் பின்தலையை நோக்கித்தான் வரும்.

அம்மா வரும் நாளில் நடு வரிசை முழுதும் தேவைப்படும். அன்றைக்கு என் சைக்கிள் வீட்டில்; பிள்ளைகளுடையவை மட்டும் பின்னால். மனைவிக்கும் ஒரு சைக்கிள் வாங்கி நான்கையும் ஏற்ற வேண்டும் என்றால் இன்னும் பெரிய வண்டி வேண்டும். அந்தப் பேச்சு வந்தபோது அவளே, மிஷன் வீதிப் பக்கம் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறதே என்று முடித்துவிட்டாள்.