குற்றவாளியைத் தேடாத விசாரணை

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள், பிற்பகல் 2.08க்கு லங்காவியிலிருந்து ஒரு சிறிய ஜெட் விமானம் சுபாங்கை நோக்கிப் புறப்பட்டது. பீச்கிராஃப்ட் பிரீமியர் 1 வகையைச் சேர்ந்த அந்த விமானத்தில் ஆறு பயணிகளும் இரண்டு விமானிகளும் இருந்தனர். 2.47க்கு அது சுபாங் கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் தொடர்பு கொண்டது. அடுத்த நிமிடமே தரையிறங்க அனுமதியும் கிடைத்தது. ஆனால், விமானம் ஓடுபாதையை வந்தடையவில்லை. 2.51க்குத் தொலைவில் புகை எழுவதைக் கோபுரத்தில் இருந்தவர்கள் கண்டனர்.

ஷா ஆலம், எல்மினா நகருக்கு அருகில் உள்ள சாலையில் விமானம் விழுந்து நொறுங்கியிருந்தது. விமானத்தில் இருந்த எண்மரும் உயிரிழந்தனர். அவ்வழியே சென்றுகொண்டிருந்த ஒரு காரோட்டியும் ஒரு மோட்டார் சைக்கிளோட்டியும் மாண்டனர். பத்துக் குடும்பங்கள் ஒரே நாளில் துயரில் ஆழ்ந்தன.

விமானத்திலிருந்து ஆபத்து அழைப்பு எதுவும் வரவில்லை. அப்படியானால், கடைசி நிமிடங்களில் நடந்தது என்ன? இக்கேள்விக்கு விடை காணும் பொறுப்பை மலேசியப் போக்குவரத்து அமைச்சின் விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு ஏற்றது.

புலனாய்வாளர்கள் வதந்திகளை நம்புவதில்லை, சான்றுகளையே நம்புகின்றனர். சிதறிய பாகங்கள் ஒவ்வொன்றையும் ஆராய்கின்றனர். பராமரிப்புப் பதிவேடுகள், வானிலை விவரங்கள், விமானிகளின் பயிற்சி விவரங்கள் ஆகியவற்றைப் பார்வையிடுகின்றனர். இவ்விபத்தில், சாலையில் சென்ற ஒரு காரின் ஒளிப்பதிவுக் கருவியில் விமானம் விழுந்த காட்சி பதிவாகியிருந்தது. விமானிகளின் அறையில் கேட்கும் ஒலிகளைப் பதிவு செய்யும் கருவியும் கிடைத்தது. இத்தகைய கருவியை மக்கள் ‘கறுப்புப் பெட்டி’ என்பர். ஆனால், இடிபாடுகளுக்கு இடையில் எளிதில் கண்ணில் படுவதற்காக அது செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும். வேகம், உயரம் போன்றவற்றைப் பதிவு செய்யும் மற்றொரு கருவி இவ்விமானத்தில் இல்லை. எனவே, ஒலிப்பதிவு முக்கியச் சான்றாக விளங்கியது.

ஏறத்தாழ ஓராண்டுக்குப் பிறகு இறுதி அறிக்கை வெளிவந்தது. விமானம் இன்னும் வானில் இருந்தபோதே, அதன் ஏற்றுவிசையைக் குறைக்கும் தகடுகள் தவறுதலாக விரிக்கப்பட்டன என்று அவ்வறிக்கை கூறியது. தரையிறங்குவதற்கு முந்தைய சரிபார்ப்புப் பட்டியலைப் பின்பற்றிய வேளையில் அத்தவறு நிகழ்ந்தது.

இத்தகடுகள் இறக்கைகளின் மேற்புறத்தில் அமைந்துள்ளன. பறக்கும் விமானத்தை மேலே தாங்கி நிற்பது இறக்கைகள் உண்டாக்கும் ஏற்றுவிசையாகும். சக்கரங்கள் தரையைத் தொட்ட பின்னர் அவ்விசை தேவையில்லை. அப்போது தகடுகளை விரித்தால் ஏற்றுவிசை குறையும். விமானத்தின் எடை சக்கரங்களின்மீது நன்கு அழுந்தும். பிரேக்கும் நன்றாகப் பிடிக்கும். தரையில் உதவும் அதே தகடுகள் வானில் விரிந்தால், விமானம் தன்னைத் தாங்கும் விசையை இழந்துவிடும். தாழ்வாகப் பறக்கும் விமானத்தை மீட்டெடுக்கப் போதிய உயரமோ நேரமோ இருக்காது.

“அப்படியென்றால் தவறு விமானியுடையதுதானே?” என்று சிலர் கேட்கலாம். புலனாய்வு அத்துடன் நின்றுவிடுவதில்லை. பழி சுமத்துவது அதன் நோக்கமன்று. மீண்டும் விபத்து நேராமல் தடுப்பதே அதன் ஒரே நோக்கம் என அனைத்துலகப் பொது வான்போக்குவரத்து அமைப்பின் 13-ஆவது பிற்சேர்க்கை வலியுறுத்துகிறது. ஆகவே, ‘யார் செய்தார்?’ என்பதைவிட, ‘ஏன் அவ்வாறு செய்ய நேர்ந்தது?’ என்பதே முக்கியக் கேள்வியாகிறது. பயிற்சி போதுமானதாக இருந்ததா? பணிகள் தெளிவாகப் பிரிக்கப்பட்டிருந்தனவா? ஒருவர் செய்வதை மற்றவர் சரிபார்த்தாரா? இவற்றுக்குக் கிடைக்கும் விடைகள்தாம் பிற விமானிகளைக் காக்கும்.

தண்டனைக்கு அஞ்சுபவர் தம் தவற்றை மறைப்பார். மறைக்கப்பட்ட தவற்றிலிருந்து எவரும் பாடம் கற்க இயலாது. மாண்ட பதின்மரை எந்த அறிக்கையாலும் மீட்டுத் தர முடியாது. ஆயினும், நாளை இன்னொரு விமானி அதே விசையின்மீது கை வைக்கும் முன் ஒரு கணம் நிதானிப்பாரானால், அந்த விசாரணை பயனுடையதே.

அருஞ்சொற்பொருள்
ஏற்றுவிசை – விமானத்தை மேல்நோக்கித் தாங்கும் விசை
புலனாய்வு – உண்மையைக் கண்டறியும் ஆய்வு
வதந்தி – உறுதிப்படுத்தப்படாத செய்தி

கருத்துணர் கேள்விகள்
1. இவ்விபத்தில் ஒலிப்பதிவு முக்கியச் சான்றாக விளங்கியது ஏன்?
2. ஏற்றுவிசையைக் குறைக்கும் தகடுகள் தரையில் எவ்வாறு உதவுகின்றன? வானில் ஏன் ஆபத்தாகின்றன?
3. ‘மறைக்கப்பட்ட தவற்றிலிருந்து எவரும் பாடம் கற்க இயலாது.’ இக்கூற்றை உன் பள்ளி வாழ்க்கையோடு தொடர்புபடுத்தி விளக்குக.